இடைநிலைப்பள்ளியின் இலக்கை யார் முடிவு செய்கிறார்கள்?

தமிழ்ப்பள்ளியைப் பற்றிப் பேச நம்மிடையே ஆள் பஞ்சம் இருந்ததில்லை. கட்டடம் பழுதா, மாணவர் எண்ணிக்கை சரிவா, தலைமையாசிரியர் மாற்றமா, எதுவானாலும் நாளிதழில் செய்தி வரும். பொது இயக்கங்கள் அறிக்கை விடும். நம் பேரவை மேடையில் பட்டிமன்றமும் நடக்கும். ஆனால் ஆறாம் ஆண்டை முடித்த அதே பிள்ளை படிவம் ஒன்றில் கால் வைத்த நாளிலிருந்து அவனைப் பற்றிய பேச்சு அடங்கிவிடுகிறது. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் உள்ளன. தமிழ் இடைநிலைப்பள்ளி ஒன்றுகூட இல்லை. எனவே அடுத்த ஐந்தாண்டுகளைப் பெரும்பாலும் ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில்தான் அவன் கழிக்க வேண்டும். அங்கே அவனுக்குத் தமிழ் கிடைக்குமா, கிடைத்தாலும் எந்த நேரத்தில் கிடைக்கும், எஸ்.பி.எம். வரை நீடிக்குமா என்பவை, அப்பள்ளி தனக்கென வகுத்துக்கொள்ளும் குறியிலக்கையும், அதை வகுக்கும்போது யாரைக் கலந்து பேசுகிறது என்பதையும் பொறுத்தவை.

பேரவையை விட்டு வெளியேறிய நாள் முதல் 18 ஆண்டுகளாகத் தேசிய இடைநிலைப்பள்ளிகளில் தமிழ்மொழி ஆசிரியையாக இருக்கிறேன். அவற்றுள் 11 ஆண்டுகள் தமிழ்மொழிப் பணித்தியத்தின் தலைவி. அதனால் பள்ளியின் ஆண்டுத் திட்டம் எழுதப்படும் அறையிலும் உட்கார்ந்திருக்கிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்தில் நாற்காலியும் அடுக்கியிருக்கிறேன். இவ்விரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பேரவை நண்பர்களில் பலர் விரைவில் ஆசிரியர்களாகவும் பெற்றோர்களாகவும் ஆகப் போகிறவர்கள். முன்னாள் உறுப்பினர்களில் பலர் ஏற்கெனவே ஆகிவிட்டவர்கள். பள்ளி எப்படி முடிவெடுக்கிறது என்பதை அவர்களாவது அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எண்களில் பிறக்கும் இலக்கு

எந்தப் பள்ளியின் நுழைவாயிலிலும் தூரநோக்கு, பணிநோக்கு என்று இரண்டு பலகைகள் தொங்கும். அவற்றைப் படித்துப் பள்ளியின் இலக்கை அறிந்துகொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். எல்லாப் பள்ளிகளிலும் அவை ஏறக்குறைய ஒரே வாசகந்தான். உண்மையான இலக்கு முதல்வர் அறையில் இருக்கும் கோப்பில் உள்ளது. சில ஆண்டுகளுக்கான வியூகத் திட்டம், அதிலிருந்து பிரியும் ஓராண்டுத் திட்டம், அதிலிருந்து பிரியும் செயல்திட்டங்கள் என்று அது மூன்று அடுக்காக இருக்கும். முதலில் பள்ளியின் பலம், பலவீனம், வாய்ப்பு, மிரட்டல் ஆகிய நான்கையும் நான்கு கட்டங்களில் எழுதுவார்கள். 2017இல் அறிமுகமான இரண்டாம் தலைமுறைக் கல்வித் தர நிர்ணயத்தின்படி தலைமைத்துவம், அமைப்பு நிர்வாகம், பாடத்திட்டம் - புறப்பாடம் - மாணவர் நல நிர்வாகம், கற்றல் கற்பித்தல், மாணவர் உருவாக்கம் என்ற ஐந்து தரங்களில் பள்ளி தனக்குத் தானே புள்ளி இட்டுக்கொள்ளும். இவையெல்லாம் முடிந்ததும் எல்லாரும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் பக்கம் வரும். அதில் ஓர் எண் இருக்கும். அதுதான் எஸ்.பி.எம். தேர்வுக்கான பள்ளிச் சராசரித் தரம்.

இந்த எண் எப்படி வருகிறது என்பதை விளக்கிவிடுகிறேன். எஸ்.பி.எம். தரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஏ+ என்றால் 0, ஏ என்றால் 1, ஏ- என்றால் 2 என்று ஏறிக்கொண்டே போய், சி 6, டி 7, இ 8, தோல்வியான ஜி 9. எல்லா மாணவரும் எல்லாப் பாடங்களிலும் பெற்ற மதிப்புகளைக் கூட்டி, மொத்தப் பாடப்பதிவுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் பள்ளிச் சராசரித் தரம் கிடைக்கும். எண் குறையக் குறைய நல்லது. நாட்டுக்கும் இப்படியொரு சராசரி உண்டு. 2023ஆம் ஆண்டு எஸ்.பி.எம்.இல் அது 4.60, 2024இல் 4.49. இதன் பக்கத்தில் இன்னோர் எண்ணும் எழுதப்படும்: சான்றிதழ் பெறத் தகுதியானோர் விழுக்காடு. மலாய்மொழியிலும், 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றால்தான் எஸ்.பி.எம். சான்றிதழ். ஆகவே கூடுதல் வகுப்பு, முகாம், பயிற்சிப்புத்தகம் என்று பள்ளியின் நேரமும் பணமும் முதலில் எங்கே போகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பள்ளிக்கான எண் மேலிருந்து விழுந்தது போல் தோன்றினாலும், கணக்கு கீழிருந்துதான் தொடங்குகிறது. ஆசிரியர் வழக்கில் அதற்கு ஹெட்கவுண்ட் என்று பெயர். படிவம் நான்கு இறுதித் தேர்வில் ஒரு மாணவி தமிழில் 52 எடுத்தாள் என்று வைத்துக்கொள்வோம். அது அவளுடைய தொடக்கப் புள்ளி, டி.ஓ.வி. எஸ்.பி.எம்.இல் அவளால் 70 எட்ட முடியும் என்று ஆசிரியை கணிக்கிறார். அது எதிர்பார்ப்பு, இ.டி.ஆர். இடைப்பட்ட 18 புள்ளியை மூன்று படிகளாகப் பிரித்து, முதல் தேர்வில் 58, அடுத்த தேர்வில் 64 என்று இடை இலக்குகள் வைக்கப்படும். 52 என்பது சி, 58 சி+, 64 பி, 70 ஏ-. ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னும் கிடைத்த புள்ளி பக்கத்துக் கட்டத்தில் எழுதப்படும். எட்டாதவர் பெயர் சிவப்பாகும். பி.டி.3 தேர்வு 2022இல் அகற்றப்பட்ட பிறகு, பள்ளியின் கையில் உள்ள இந்தக் கணக்கின் முக்கியத்துவம் இன்னும் கூடிவிட்டது.

இந்த முறையை நான் குறை சொல்ல மாட்டேன். ஒழுங்காகச் செய்தால் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி நினைக்க வைக்கும் முறை இது. எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. இந்தக் கணக்கில் ஒரு மாணவி தமிழ் எடுத்தால்தான் அவளுக்கு ஒரு வரி உண்டு. எடுக்காமல் போனவளுக்கு வரியும் இல்லை, சிவப்பும் இல்லை. படிவம் மூன்றில் 30 பேர் படித்து, படிவம் நான்கில் 12 பேர் மட்டும் தொடர்ந்தால், அந்த 12 பேரின் சராசரி உயர்ந்திருக்கும். கோப்பில் அது முன்னேற்றமாகத்தான் பதிவாகும்.

தமிழ் சராசரியைக் கெடுக்குமா?

“தமிழில் ஏ எடுப்பது கடினம். பலவீனமான மாணவர் எடுத்தால் பள்ளிச் சராசரி கெட்டுவிடும். அவர்களை ஒன்பது பாடத்தோடு நிறுத்துவது நல்லது.” இந்த வாதத்தை நான் வேலை செய்த பள்ளிகளில் மட்டுமன்றி, பயிற்சிப் பட்டறைகளில் சந்தித்த பிற மாநில ஆசிரியர்களிடமும் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் எல்லாரும் தமிழுக்கு எதிரிகள் அல்லர். நம் ஆசிரியர்களே சிலர் சொல்கிறார்கள். ஆனால் யாரும் கணக்குப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. நாம் போட்டுப் பார்ப்போம்.

எஸ்.பி.எம். எழுதுவோர் 150 பேர். தலைக்கு 9 பாடம். மொத்தம் 1350 பாடப்பதிவுகள். பள்ளிச் சராசரி 5.00 என்றால் கூட்டிய மதிப்பு 6750. இவர்களுள் 20 பேர் தமிழைப் பத்தாம் பாடமாக எடுக்கிறார்கள். 20 பேருக்கும் வெறும் சி தான் கிடைத்தது என்று மோசமாகவே வைத்துக்கொள்வோம். 120 கூடும். 6870ஐ 1370ஆல் வகுத்தால் 5.01. அதே 20 பேர் சராசரியாக பி+ எடுத்தால், 6810ஐ 1370ஆல் வகுக்க 4.97. தமிழால் பள்ளிக்கு நேரக்கூடிய கேடு நூற்றில் ஒரு பங்கு. நன்மை நூற்றில் மூன்று பங்கு. இதற்காகவா ஒரு பிள்ளையின் தாய்மொழியை நிறுத்துவது? இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாடத்திட்டக் கூட்டத்தில் கொடுத்தபோது, கணிதப் பணித்தியத் தலைவர் (மலாய்க்காரர்) சரிபார்த்துவிட்டு, “இதில் விவாதிக்க ஒன்றும் இல்லையே” என்றார். அந்த ஆண்டு அந்த வாதம் எழவில்லை. அடுத்த ஆண்டு புதிய துணை முதல்வர் வந்தார். தாளை மறுபடியும் நகலெடுக்க வேண்டியிருந்தது.

பெற்றோரைக் கேட்கும் இடம்

இனிப் பெற்றோர் பக்கம் வருவோம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் 1998இல் பெற்றோர் ஆசிரியர் சங்க விதிமுறைகள் வெளியிடப்பட்டன. பள்ளிக்கு உதவி திரட்டுவது, மாணவர் நலம் காப்பது, கல்வியைப் பற்றிக் கருத்துப் பரிமாறிக்கொள்ள ஒரு களம் அமைப்பது ஆகியவை சங்கத்தின் நோக்கங்களுள் அடங்கும். பள்ளி முதல்வர் அதன் ஆலோசகர். பள்ளி நிர்வாகத்திலும் ஆசிரியர் தொழில் சார்ந்த விவகாரங்களிலும் சங்கம் தலையிடக் கூடாது என்பதும் விதி. இந்தக் கடைசி வரி பல கூட்டங்களில் பெற்றோர் வாயை அடைக்கப் பயன்பட்டிருக்கிறது. கருத்துச் சொல்வது தலையீடு அல்ல என்பதை விதிமுறையைப் படித்த எவரும் அறிவர். ஆனால் படித்தவர்கள் குறைவு.

2013 முதல் 2025 வரையிலான மலேசியக் கல்வி மேம்பாட்டுத் திட்டம், தான் அறிவித்த 11 மாற்றங்களுள் ஒன்பதாவதாகப் பெற்றோர், சமூகம், தனியார் துறை ஆகியோருடனான பங்காளித்துவத்தை வைத்தது. அதையொட்டிப் பெற்றோருக்கும் பள்ளிக்கும் தனித்தனிக் கையேடுகள் வந்தன. பெற்றோரின் ஈடுபாடு அளவிடப்பட்டது. எப்படி அளந்தார்கள் என்றால், வருகைப் பதிவேட்டைக் கொண்டுதான். எத்தனை பேர் வந்தார்கள் என்பது பதிவானது. வந்தவர் என்ன சொன்னார் என்பதற்குக் கட்டம் இருந்ததில்லை.

ஆண்டுப் பொதுக்கூட்டம் எப்படி நடக்கும் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். சனிக்கிழமை காலை. மண்டபத்தில் பாதி நாற்காலி காலி. முதல்வர் திரையில் படங்களைக் காட்டிப் பேசுவார். சென்ற ஆண்டு அடைவு இவ்வளவு, இவ்வாண்டுக் குறியிலக்கு இவ்வளவு என்று ஓர் எண் மின்னி மறையும். “4.80 என்றால் என்ன?” என்று கேட்ட பெற்றோரை 18 ஆண்டுகளில் இருவரைத்தான் பார்த்திருக்கிறேன். கேள்வி நேரத்தில் சிற்றுண்டிச்சாலை விலை, கழிப்பறைக் கதவு, பள்ளி முன் வாகன நெரிசல் ஆகியவை பேசப்படும். இவை தேவையற்றவை என்று நான் சொல்லவில்லை. பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறைக் கதவு மிக அவசியம். ஆனால் பாட இலக்கைப் பற்றிப் பேசத் தங்களுக்கு உரிமை உண்டென்று நம் பெற்றோர் நினைப்பதே இல்லை. வாசலுக்கு அருகில் உட்கார்ந்து, தேர்தல் தொடங்குமுன் எழுந்து போய்விடுகிறார்கள். வேலை நாள், இரவு வேலை முடித்து வந்தவர்கள், மலாய்மொழியில் எழுந்து நின்று பேசக் கூச்சம் என்று காரணங்கள் உண்டு.

பேச விரும்புவோர் அறிய வேண்டிய ஒன்று: கூட்ட அழைப்புக் கடிதத்தோடு தீர்மானப் படிவம் ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்து வடிவில் அனுப்பிய தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறும்; கூட்டக் குறிப்பிலும் ஏறும். எழுந்து நின்று உணர்ச்சியோடு பேசியது எவ்வளவு நன்றாக இருந்தாலும், பெரும்பாலும் “பொது” என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் “இத்தீர்மானம் என்னவாயிற்று?” என்று கேட்க வேண்டுமானால் அது குறிப்பில் இருந்தாக வேண்டும்.

ஆர்வம் இல்லையா, வேன் இல்லையா?

பெற்றோரைக் கேட்பதால் என்ன பயன் என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் தமிழ் வகுப்பு பிற்பகல் 2.00 முதல் 3.15 வரை நடந்தது. பள்ளி முடிவதோ 1.30 மணிக்கு. இரண்டே ஆண்டுகளில் படிவம் நான்கில் தமிழ் எடுப்போர் 26 பேரிலிருந்து 11 பேராகக் குறைந்தார்கள். வியூகத் திட்டத்தின் பலவீனம் என்ற கட்டத்தில், “இந்திய மாணவர்களுக்குத் தாய்மொழி கற்பதில் ஆர்வம் குறைவு” என்று எழுதப்பட்டது. அதற்கு மருந்தாக ஆர்வமூட்டும் முகாம் ஒன்றும் திட்டமிடப்பட்டது. அந்த வரி எழுதப்பட்ட அறையில் பெற்றோர் எவரும் இல்லை.

தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளில் பெற்றோர் எப்படியும் வருவார்கள். பொதுக்கூட்டத்திற்கு வராதவர்கூட அன்று வருவார். அந்நாளில் பணித்தியத்தின் சார்பில் சிற்றுண்டிச்சாலையில் ஒரு மேசை போட்டோம். தமிழிலும் மலாயிலும் மூன்றே கேள்விகள்: பிள்ளை தமிழ் படிக்கிறதா, இல்லையென்றால் ஏன், எந்த நேரத்தில் வகுப்பு வைத்தால் அனுப்புவீர்கள். எழுதத் தயங்கியவர்களுக்கு நாங்களே எழுதிக்கொண்டோம். ஓர் அம்மா தாளைக் கையில் வாங்காமலேயே சொன்னார்: “டீச்சர், தமிழ் வேணாம்னு யாரு சொன்னா? வேன்காரரு ஒன்னே முக்காலுக்குக் கெளம்பிடுவாரு. மூனே காலுக்கு இவள யாரு கூட்டிட்டு வர்றது? நானு ஃபேக்டரில இருப்பேன்.” வந்த 31 தாள்களில் 19இல் காரணம் போக்குவரத்து. ஆர்வமில்லை என்று எழுதியவர் 4 பேர். மற்றவர்கள் டியூஷனையும் பாடச் சுமையையும் குறிப்பிட்டிருந்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்தது எனக்கே வியப்பு. பிற்பகலில் மாட்டிக்கொண்டது தமிழ் மட்டுமல்ல, சீனமொழி வகுப்பும்தான். சீனப் பெற்றோருக்கும் அதே வேன், அதே வெயில். பொதுக்கூட்டத்திற்கு முன் இரு தரப்பினரும் சேர்ந்து ஒரே தீர்மானத்தை எழுதினார்கள்: தமிழ், சீனமொழி வகுப்புகளைப் பள்ளி நேரத்திற்குள், ஒரே பாடவேளையில் வைக்க வேண்டும் என்பது. முன்மொழிந்தவர் ஒரு சீனத் தாயார். வழிமொழிந்தவர் லாரி ஓட்டும் ஒரு தமிழ்த் தந்தை. கால அட்டவணை நிர்வாக விவகாரம், சங்கம் முடிவு செய்ய முடியாது என்று முதல்வர் விளக்கினார். விதிப்படி அது சரிதான். ஆனால் தீர்மானம் கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டது; தாள்களின் தொகுப்பும் அதனோடு இணைக்கப்பட்டது. அடுத்த தவணைக்கு அட்டவணை போட்ட துணை முதல்வருக்கு அது கையில் ஒரு காரணமாக அமைந்தது. படிவம் ஒன்று, நான்கு, ஐந்து வகுப்புகள் பள்ளி நேரத்திற்குள் வந்தன. படிவம் இரண்டும் மூன்றும் பிற்பகலிலேயே நின்றுவிட்டன, வகுப்பறை போதவில்லை. படிவம் நான்கின் எண்ணிக்கை 17க்கு ஏறியது. 26 ஆகவில்லை. முகாமும் நடந்தது, பிள்ளைகள் மகிழ்ச்சியாகவே இருந்தார்கள்.

கேட்காமல் வகுத்த இலக்கு

ஒரு பள்ளியில் நடப்பது நாட்டு அளவிலும் நடக்கும். பழைய பேரவை உறுப்பினர்களுக்கு 2009 நினைவிருக்கும். எஸ்.பி.எம்.இல் 17, 20 என்று பாடங்களை அடுக்கிக்கொண்டே போகும் போக்கைக் கட்டுப்படுத்த, 2010 முதல் ஒரு மாணவர் 10 பாடங்களுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு அறிவித்தது. நோக்கத்தில் தவறில்லை. ஆனால் ஓர் அறிவியல் பிரிவு இந்திய மாணவனின் பட்டியலை எண்ணிப் பாருங்கள்: மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். ஒன்பது ஆயிற்று. தமிழ்மொழி பத்து. தமிழ் இலக்கியத்திற்கு இடமே இல்லை. கணக்கியல் போன்ற இன்னொரு பாடத்தை விரும்பினால் தமிழ்மொழிக்கும் இடமில்லை. நம் இயக்கங்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சீனச் சமூகமும் அதே கவலையை எழுப்பியது. 2009 இறுதியில் அரசாங்கம் இறங்கிவந்து, பத்தோடு இரண்டு என்ற முறையில் 12 பாடங்களுக்கு வழிவிட்டது. பட்டியலை வகுக்கும் முன்பே ஒரு தமிழாசிரியரைக் கூப்பிட்டு எண்ணச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கக்கூடிய சிக்கல் அது.

ஜொகூர் பாலத்திற்கு அப்பால் உள்ள நண்பர்களுக்கு இதெல்லாம் விசித்திரமாகப்படலாம். சிங்கப்பூரில் தாய்மொழி கட்டாயப் பாடம். தம் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடத்திற்குச் சென்று படிக்கிறார். அங்கே வகுப்பு உண்டா இல்லையா என்பது பெற்றோரின் கோரிக்கையைப் பொறுத்ததன்று. அவர்களுடைய கவலைகள் வேறு வகை. அதை அவர்களே எழுதுவது பொருத்தம்.

பதினைந்து என்ற எண்

நம் நாட்டில் கோரிக்கைதான் அடிப்படை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தேசிய இடைநிலைப்பள்ளி என்றால் என்ன என்று வரையறுக்கும் இடத்திலேயே, பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் சீனமொழி அல்லது தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்து தரப்பட வேண்டும் என்று சொல்கிறது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும்.

முதலாவது, ‘பள்ளியில்’ என்பது. ஒரு வகுப்பிலோ ஒரு படிவத்திலோ 15 பேர் இருக்க வேண்டும் என்று அவ்வாக்கியம் கூறவில்லை. படிவம் ஒன்றில் 6 பேர், இரண்டில் 5 பேர், மூன்றில் 4 பேர் இருந்தாலும் 15 தான். “உங்கள் படிவத்தில் 15 பேர் இல்லை, ஆகவே வகுப்பு இல்லை” என்று திருப்பி அனுப்பப்பட்ட பெற்றோரை நான் நேரில் அறிவேன். அவர்களை அனுப்பியவர் தீய எண்ணத்தில் செய்யவில்லை. பல காலமாக வாய்வழி வந்த செய்தியை நம்பினார். வகுப்பை எப்படிப் பிரிப்பது, ஆசிரியர் எத்தனை பேர் என்பவை அதன் பிறகு பேச வேண்டிய நிர்வாகக் காரியங்கள்.

இரண்டாவது, ‘பெற்றோர்’. மாணவர் கேட்டால் போதாது. இயக்கத் தலைவர் கேட்டாலும் போதாது. ஓர் இயக்கம் அனுப்பும் காரமான கண்டனக் கடிதத்தைவிட, சாதாரணமாக எழுதப்பட்ட 15 பெற்றோர் கடிதங்களுக்குச் சட்டத்தில் பலம் அதிகம். மூன்றாவது, ‘கேட்டுக்கொண்டால்’. கேட்காவிட்டால் பள்ளிக்கு அந்தக் கடமை எழுவதில்லை. முதல்வர் தாமாக முன்வந்து வைத்தால் அவரைப் பாராட்டலாம்; அவர் மாற்றலாகிப் போனால் வகுப்பும் போய்விடக்கூடும்.

சட்டம் ‘வசதி’ என்றுதான் சொல்கிறது. எந்த நேரத்தில் என்று சொல்லவில்லை. பிற்பகல் வகுப்புப் பிரச்சினை அந்த இடைவெளியில்தான் முளைக்கிறது. அதனால்தான் காலம் முக்கியம். புதிய தவணைக்கான அட்டவணையும் ஆசிரியர் பங்கீடும் பள்ளி திறக்கும் முன்பே முடிவாகிவிடுகின்றன. பள்ளி திறந்து இரண்டு மாதம் கழித்து நடக்கும் பொதுக்கூட்டத்தில் கேட்டால் அடுத்த ஆண்டைப் பற்றித்தான் பேச முடியும். படிவம் ஒன்றுக்குச் சேருபவர்கள் பதிவு நாளன்றே கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. மற்ற படிவத்தினர் முந்திய தவணை முடியும் முன் கொடுக்க வேண்டும். படிவம் நான்கிற்குப் பாடத்தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் தாள் வீட்டுக்கு வரும்போது, தமிழ் எந்தப் பாடத்தோடு மோதுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபின் மாற்றுவது எளிதன்று.

இங்கேதான் பேரவை உறுப்பினர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஊரில் அண்ணன், அக்கா என்று உங்களைத் தேடி வரும் படிவம் ஒன்றுப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுடைய பெற்றோருக்குத் தமிழ் வேண்டும். கடிதம் எழுதத்தான் தெரியாது. கடிதம் மலாய்மொழியில், ஒரு பக்கத்திற்குள் இருக்கட்டும். முதல்வருக்கு முகவரியிடுங்கள். பெற்றோரின் பெயர், அடையாள அட்டை எண், பிள்ளையின் பெயர், படிவம், வகுப்பு, கல்விச் சட்டம் 1996இன்படி தமிழ்மொழி கற்பிக்கக் கோரும் ஒரு வாக்கியம், கையொப்பம், தேதி. இயன்றால் பள்ளி நேரத்திற்குள் வகுப்பு தேவை என்றும் ஏன் தேவை என்றும் இன்னொரு வாக்கியம். குறை கூறும் வரிகள் வேண்டாம். ஒவ்வொரு பெற்றோருக்கும் தனிக் கடிதம். ஒரே கடிதத்தில் 15 கையொப்பம் வாங்கினால் ஒருவர் பின்வாங்கும்போது எண்ணிக்கையில் குழப்பம் வரும். இரண்டு நகல் எடுங்கள். ஒன்று மாவட்டக் கல்வி அலுவலகத்திற்கு. மற்றொன்றைப் பள்ளி அலுவலகத்தில் நீட்டி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் போட்டுத் தரச் சொல்லிப் பெற்றோரிடமே வைத்திருக்கச் சொல்லுங்கள்.